பென் டிரைவில் ஒரு வாரம்: பழைய லேப்டாப்பில் லினக்ஸ் மிண்ட்

என் லேப்டாப் 2016இல் வாங்கியது. ஆறாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். வினாத்தாள் அடிக்க, மதிப்பெண் பட்டியல் போட, வகுப்பில் புரொஜெக்டரில் படம் காட்ட, வீட்டில் பிள்ளைகள் எதையாவது பார்க்க என்று அதற்கு இருக்கும் வேலை அவ்வளவுதான். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. பதிவு செய்துகொண்டால் அதிலிருந்து ஓராண்டு பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும் என்று அறிவித்திருந்தார்கள். சரி, விண்டோஸ் 11 போடலாம் என்றால் அதற்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறை சிப்பாவது இருக்க வேண்டும். கடையில் கேட்டபோது, “இதுக்கு மேல போடாது சார், புதுசு வாங்கிடுங்க, இதை 3000 ரூபாய்க்கு நானே எடுத்துக்கிறேன்” என்றார். ஒன்பது வருடம் ஒருநாள்கூடக் கைவிடாத கருவி அது. கீபோர்டு நன்றாக இருக்கிறது, திரையில் ஒரு கீறல் இல்லை. மென்பொருள் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக அதைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை.

அதனால்தான் லினக்ஸ் மிண்ட், விண்டோஸுக்குப் பதிலாகக் காசில்லாமல் கிடைக்கும் இயங்குதளம். இன்ஸ்டால் எதுவும் செய்யவில்லை. பென் டிரைவிலிருந்தே ஓட்டி, ஒரு வாரம் என்னுடைய சொந்த வேலைகளை அதிலேயே செய்து பார்த்தேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரும்பாலான லினக்ஸ் வகைகளை ஹார்ட் டிஸ்க்கில் போடாமல், பென் டிரைவிலிருந்தே முழுதாக ஓட்டலாம். ‘லைவ்’ என்பார்கள். இயங்குதளம் மொத்தமும் சுருக்கப்பட்ட ஒரே கோப்பாகப் பென் டிரைவில் இருக்கும், கணினி தேவைப்படும் பகுதியை மட்டும் விரித்துப் படித்துக்கொள்ளும், நாம் புதிதாகச் செய்யும் மாற்றமெல்லாம் ரேமில் தங்கும். அணைத்தால் எல்லாம் போய்விடும், மறுபடி விண்டோஸ் பழையபடி வரும். 2000இல் ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர் செய்த நாப்பிக்ஸ்தான் இந்த முறையை உலகம் முழுக்கப் பரப்பியது. நான் முதலில் பார்த்தது கல்லூரி விடுதியில், உபுண்டு சிடி. கேட்டவர்களுக்கெல்லாம் காசு வாங்காமல் தபாலில் அனுப்பினார்கள், 2011இல்தான் அதை நிறுத்தினார்கள். அந்த உறை வந்த நாளில் எங்கள் அறையில் எட்டுப் பேர் ஒரு கணினியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

மிண்ட் 2006இல் கிளெமென்ட் லெஃபெவ்ர் தொடங்கியது, உபுண்டுவை அடித்தளமாகக் கொண்டது. நான் எடுத்தது 22.2, ‘சாரா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். (ஒவ்வொரு பதிப்புக்கும் ஆ என்று முடியும் பெண் பெயர்தான் வைப்பார்கள், முதல் பதிப்பு ஏடா.) 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. சின்னமன், மாத்தே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று முகப்புகள், அதாவது திரைத் தோற்றங்கள், இருக்கின்றன. நான் சின்னமனையும் எக்ஸ்எஃப்சிஇயையும் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 3 ஜிபி, அதனால் மொபைல் டேட்டாவில் இறக்குகிறவர்கள் அன்றைய கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறக்கியதும் அவசரப்பட வேண்டாம், கோப்பு சரியானதுதானா என்று எஸ்எச்ஏ256 குறியீட்டை (கோப்பின் கைரேகை மாதிரி) ஒப்பிட்டுப் பாருங்கள். இதை நான் சும்மா சொல்லவில்லை. 2016 பிப்ரவரியில் மிண்ட் தளத்துக்குள் யாரோ புகுந்து, 17.3 சின்னமன் பதிப்பின் சுட்டியைப் பின்கதவு (பிறர் ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்த வேறொரு கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். மிண்ட் குழு உடனே கண்டுபிடித்து வெளிப்படையாக அறிவித்தது, அதற்காக அவர்கள் மேல் எனக்கு மரியாதைதான். ஆனால் அந்த ஒரு நாளில் இறக்கி, ஒப்பிட்டுப் பார்க்காமல் போட்டவர்களை நினைத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை, சரிபார்க்கும் வழி தளத்திலேயே எழுதியிருக்கிறது.

அடுத்தது பென் டிரைவ். இங்கேதான் எனக்கு முதல் அடி. பேருந்து நிலையம் பக்கத்துக் கடையில் மலிவாகக் கிடைத்த ‘64 ஜிபி’ ஒன்றை எடுத்து வந்தேன். பாதி எழுதியதும் பிழை, மறுபடி எழுதினால் மறுபடி பிழை. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன மென்பொருளில் சோதித்தால் உண்மையான கொள்ளளவு அட்டையில் போட்டிருந்ததில் கால்வாசிகூட இல்லை. இந்த மாதிரி போலிகள் நிறைய சுற்றுகின்றன. நல்ல கடையில், ரசீதோடு, யுஎஸ்பி 3 வகை, 32 ஜிபி போதும். யுஎஸ்பி 3 என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: வீட்டில் கிடந்த பழைய யுஎஸ்பி 2 பென் டிரைவில் முகப்பு வர இரண்டரை நிமிடம் ஆனது, புதியதில், நீல நிறத் துளையில் செருகியபோது, ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட்டது. லைவ் மெதுவாக இருக்கிறது என்று குறை சொல்பவர்களில் பாதிப் பேருக்குப் பிரச்சினை பென் டிரைவில்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

இறக்கிய கோப்பைப் பென் டிரைவில் எழுதுவதற்கு விண்டோஸில் ரூஃபஸ் என்ற மென்பொருள் போதும். பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், அதை மட்டும் முன்பே நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட இயங்குதளங்களைப் பார்க்க ஆசை என்றால் வென்டாய் என்ற மென்பொருளைப் போடலாம், அதில் இறக்கிய ஐஎஸ்ஓ (இயங்குதளக்) கோப்புகளை அப்படியே நகலெடுத்து வைத்தால் தொடங்கும்போது எது வேண்டும் என்று பட்டியல் காட்டும்.

பிறகு லேப்டாப்பை அணைத்து, பென் டிரைவைச் செருகி, ஆன் செய்ததும் எஃப்12 அல்லது எஃப்9 அல்லது எஸ்கேப் அழுத்தி, வரும் பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அணைக்கும்போது விண்டோஸில் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ‘ஷட் டவுன்’ கொடுங்கள். சாதாரணமாக அணைத்தால் விண்டோஸ் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும், அந்த நிலையில் அதன் டிரைவ்களில் எதையும் எழுத லினக்ஸ் விடாது. செக்யூர் பூட்டை (நம்பகமான இயங்குதளத்தை மட்டும் தொடங்க விடும் பாதுகாப்பு) அணைக்க வேண்டுமா என்று கணக்கு சார் கேட்டார். தேவையில்லை, மிண்ட் அதோடு ஒத்துப்போகிறது. புதிய லேப்டாப் வைத்திருப்பவர்கள் மட்டும் டிஸ்க் பிட்லாக்கரில் (விண்டோஸின் பூட்டு முறை) பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, மீட்பு எண்ணை எங்காவது எழுதி வைத்துக்கொண்டு பயாஸில் (கணினி தொடங்கும் விதத்தைத் தீர்மானிக்கும் அமைப்பு) கை வையுங்கள்.

முகப்பு வந்தது. கீழே ஒரு பட்டை, இடது ஓரத்தில் மெனு, வலது ஓரத்தில் கடிகாரம். விண்டோஸ் 7 பழகிய கைக்கு ஒன்றும் தேட வேண்டியதில்லை. பிறகு இணையம் வந்ததும் என் மனைவி கேட்காமலே உட்கார்ந்து ஃபயர்ஃபாக்ஸைத் திறந்து மின் கட்டணம் கட்டிவிட்டு எழுந்தாள், “என்ன, கலரை மாத்திட்டீங்களா” என்று மட்டும் கேட்டாள். இதைவிடப் பெரிய பாராட்டு ஒரு இயங்குதளத்துக்கு வேண்டாம். ஒலி வந்தது, வெளிச்சம் கூட்டும் விசை வேலை செய்தது, கேமரா, டச்பேடில் இரண்டு விரல் உருட்டல், எச்டிஎம்ஐ வழியே டிவி, எல்லாம் முதல் முயற்சியிலேயே சரி. மூடியை மூடினால் தூங்கியது, திறந்தால் எழுந்தது. பென் டிரைவை மட்டும் பிடுங்காமல் இருந்தால் போதும்.

வைஃபை மட்டும் முதலில் வரவில்லை. பட்டியலே காலி. என் லேப்டாப்பில் இருக்கும் வைஃபை சிப்பைச் செய்த கம்பெனி அதை இயக்கும் டிரைவர் மென்பொருளைத் திறந்த மூலமாக (யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி) கொடுக்கவில்லை, அதனால் நாமே தனியாகப் போட வேண்டும். டிரைவர் போட இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும் என்று பலர் இந்த இடத்தில்தான் கைவிட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். கைவிடாதீர்கள். ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் இணைத்து, போனில் ‘யுஎஸ்பி டெதரிங்’ போட்டால் அந்த நொடியே இணையம் வந்துவிடுகிறது, ஒரு அமைப்பும் தேவையில்லை. அப்புறம் மெனுவில் ‘டிரைவர் மேனேஜர்’ திறந்தால் என்ன வேண்டும் என்று அதுவே சொல்கிறது, தேர்ந்தெடுத்தேன், இரண்டு நிமிடத்தில் வைஃபை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலை போனது, உங்களுக்குப் போக வேண்டாம்.

இனி தமிழ். இதற்காகத்தான் நான் இந்தச் சோதனையே செய்தேன் என்று சொல்லலாம், ஏனென்றால் வாரத்துக்கு மூன்று வினாத்தாளாவது அடிக்கிறேன். விண்டோஸில் தமிழ் அடிக்கப் பழகிய என்எச்எம் ரைட்டர் இங்கே கிடையாது. கீபோர்டு அமைப்பில் தமிழ் விசைப்பலகைகள் பட்டியலிலேயே இருக்கின்றன, தமிழ்99 பெயரிலும் இருக்கிறது. ஆனால் அவை ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில்தான் போகின்றன. க அடித்து இ அடித்தால் கி ஆக வேண்டும் என்ற அறிவு அவற்றுக்கு இல்லை. தமிழ்99 பழகிய கைக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள், அதோடு ஐபஸ்-எம்17என் இரண்டையும் போடுங்கள். பிறகு தமிழ்99, தட்டச்சு அடிப்படையிலானது, ஆங்கில ஒலிப்பு முறை என்று பழகிய எதையும் எடுத்துக்கொள்ளலாம். அதைப் போட்டபின் என் விரல்கள் எதையும் மறுபடி கற்க வேண்டியிருக்கவில்லை. லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாள் ஒன்றை முழுக்க அடித்தேன், நெடுவினா வரை. எங்கும் கொம்பு தனியாகப் போகவில்லை, புள்ளி நகரவில்லை.

பழைய தாள்கள் வேறு கதை. 2012க்கு முந்தையவை எல்லாம் வானவில் எழுத்துருவில் அடித்தவை. இங்கே திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக இரைச்சல். பயந்துவிடாதீர்கள், விண்டோஸ் எழுத்துருக் கோப்புறையிலிருந்து அந்த டிடிஎஃப் கோப்புகளை எடுத்து, இங்கே இரட்டைச் சொடுக்கில் நிறுவினால் அதே தாள் அப்படியே தெரிகிறது. பாமினியில் இருப்பவர்களுக்கும் இதே வழிதான். ஆனால் இதைப் பார்த்தபோது எனக்கு ஒன்று உறைத்தது: பல வருட உழைப்பு, ஒரு எழுத்துருக் கோப்பு இல்லையென்றால் யாருக்கும் படிக்கக் கிடைக்காது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நாற்பது தாள்களை, தனி எழுத்துரு இல்லாமலே எங்கும் தெரியும் யூனிகோடுக்கு மாற்றினேன். எந்த இயங்குதளத்தில் இருந்தாலும் இந்த வேலையை நீங்களும் செய்துவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

வேர்டில் செய்த டாக்எக்ஸ் கோப்புகள் பெரும்பாலும் நன்றாகவே திறந்தன. பெட்டிகள், அம்புக்குறிகள் நிறைந்த அறிவியல் தாள் ஒன்றில் மட்டும் படங்கள் இடம் மாறின, பத்து நிமிடம் இழுத்து வைத்தேன். எக்செல் மதிப்பெண் பட்டியலில் கூட்டல், சராசரி, தரவரிசை எல்லாம் சரியாக வந்தன. மேக்ரோ எழுதி வைத்திருப்பவர்கள் முதலில் ஒரு நகலில் சோதித்துப் பாருங்கள்.

பிரிண்டர்: வீட்டில் இருக்கும் வைஃபை பிரிண்டரைத் தானே கண்டுபிடித்தது, நான் ‘பிரிண்ட்’ கொடுத்தேன், தாள் வந்தது. பள்ளியில் இருக்கும் பழைய லேசர் மட்டும் மசியவில்லை. மாடல் பெயர் பட்டியலில் வருகிறது, வேலை வரிசையில் நிற்கிறது, தாள் நகரவில்லை. அந்தக் கம்பெனி தனியாகத் தரும் கோப்பு ஒன்று இருந்தால்தான் அது அசையும், அந்தக் கோப்பு இந்த மாடலுக்கு இப்போது கிடைக்கவில்லை. இது மிண்டின் குறையில்லை, ஆனால் காலை எட்டே முக்காலுக்கு நாற்பது படி எடுக்க நிற்கும் ஆசிரியருக்கு யார் குறை என்பது முக்கியமில்லை. உங்கள் பிரிண்டரைப் பென் டிரைவில் இருக்கும்போதே சோதியுங்கள். லைவ் முறையின் முழுப் பயனே இதில்தான் இருக்கிறது: யாரோ எழுதியதைப் படித்து நம்பவேண்டியதில்லை, உங்கள் கருவி, உங்கள் பிரிண்டர், உங்கள் கோப்பு, அரை மணி நேரத்தில் விடை தெரிந்துவிடும்.

நினைவகம் பற்றிச் சொல்ல வேண்டும். 2 ஜிபி இருந்தால் ஓடும், 4 ஜிபி இருந்தால் நல்லது என்பது மிண்ட் தரும் கணக்கு. அது இன்ஸ்டால் செய்தவர்களுக்குப் பொருந்தும். லைவில் நாம் சேர்ப்பதெல்லாம் ரேமைத்தான் தின்கிறது என்பதை நான் இரண்டாம் நாள் உணர்ந்தேன்: அப்டேட் மேனேஜர் நூற்றுக்கும் மேல் அப்டேட் காட்டியது, எல்லாவற்றையும் போடச் சொன்னேன், பாதியில் திரை உறைந்து நின்றது. லைவில் மொத்த அப்டேட் போடாதீர்கள், அர்த்தமும் இல்லை, அணைத்தால் போய்விடும். சின்னமன் எதையும் திறக்காமலே 1 ஜிபிக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டது. ஃபயர்ஃபாக்ஸில் ஆறேழு பக்கம், பக்கத்தில் ரைட்டர் என்றால் மூச்சு வாங்கியது. எக்ஸ்எஃப்சிஇக்கு மாறியதும் அதே வேலை இலகுவாக நடந்தது. பார்க்கச் சின்னமன் அழகு, சந்தேகமில்லை. 4 ஜிபிக்காரர்களுக்கு நான் எக்ஸ்எஃப்சிஇயைத்தான் சொல்வேன், 8 இருந்தால் சின்னமன் எடுங்கள்.

ஒவ்வொரு முறையும் வைஃபை டிரைவரும் ஐபஸும் மறுபடி போடுவது மூன்றாம் நாளே சலித்துவிட்டது. ரூஃபஸில் ‘பெர்சிஸ்டன்ட் பார்ட்டிஷன்’ என்று ஒன்று இருக்கிறது, பென் டிரைவின் ஒரு பகுதியை மாற்றங்களைச் சேமிக்க ஒதுக்கலாம். 16 ஜிபி ஒதுக்கி மறுபடி எழுதினேன். அதன்பின் டிரைவர், தமிழ், புக்மார்க், வைஃபை கடவுச்சொல் எல்லாம் அணைத்தாலும் தங்கின. வேகம் கொஞ்சம் குறைகிறது, பென் டிரைவில் எழுதுவது மெதுவான காரியம், மாதக்கணக்கில் இப்படியே ஓட்டினால் பென் டிரைவும் தேயும். ஒரு வாரம் பத்து நாள் சோதனைக்கு இது மிகச் சரியான ஏற்பாடு. முக்கியமான கோப்பை மட்டும் வேறெங்காவதும் வைத்துக்கொள்ளுங்கள்.

லைவ் உங்கள் ஹார்ட் டிஸ்க்கைத் தொடாது என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் நீங்கள் தொடலாம். விண்டோஸ் டிரைவ்கள் அங்கே கண்ணுக்குத் தெரியும், திறந்து அழித்தால் அழிந்ததுதான். முகப்பில் ‘இன்ஸ்டால் லினக்ஸ் மிண்ட்’ என்று ஒரு படம் இருக்கும், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதைக் கவனியுங்கள். இன்னொன்று, திரும்ப விண்டோஸுக்குப் போனபோது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடியது. வன்பொருள் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கும், விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று எண்ணிப் படிக்கும், அதனால் இந்தியாவில் சரியாக அந்த ஐந்தரை மணி நேர வித்தியாசம் வரும். விண்டோஸில் நேரத்தை இணையத்தோடு ஒருமுறை ஒத்திசைத்தால் சரியாகிவிடும், கெட்டுப்போனது ஒன்றுமில்லை.

எதிர் வீட்டு அண்ணன் கடைக் கணக்கு எழுதுகிறவர், ஆவலோடு வந்து பார்த்தார், “தம்பி, டேலி ஓடுமா?” என்றார். நேரடியாக ஓடாது என்று சொன்னேன். டேலி, ஃபோட்டோஷாப், பேஜ்மேக்கர் இவற்றில்தான் பிழைப்பு என்றால் அந்தக் கணினியில் விண்டோஸையே வைத்துக்கொள்ளுங்கள், வற்புறுத்தி மாற்றுவதில் யாருக்கும் நன்மையில்லை. ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் கையொப்ப டோக்கன் செருகுகிறவர்களும் அந்த டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். உலாவி, ஆபீஸ் வேலை, படம், பாட்டு, படிப்பு என்று இருப்பவர்களுக்கு எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன்.

வென்டாயில் வேறு இரண்டையும் போட்டுப் பார்த்தேன். உபுண்டு 24.04 என் 4 ஜிபிக்குக் கனம். பப்பி லினக்ஸ் தன்னை முழுதாக ரேமுக்குள் ஏற்றிக்கொள்கிறது, சொடுக்கும் முன்னே திறக்கும் வேகம், 2 ஜிபி உள்ள கருவிகளுக்கு அதுதான் வரம். ஆனால் அதன் மெனுக்கள் புதியவர்களைக் குழப்பும். மிண்ட் நடுவில் இருக்கிறது, என் வீட்டுக்கு அதுதான் பொருந்துகிறது.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். விடைத்தாள் திருத்தி முடித்ததும் ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி, பழைய டிஸ்க்கை அப்படியே கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை அதில் போடப் போகிறேன். பள்ளி லேசருக்குத் தாளைப் பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோய் அலுவலகக் கணினியில் எடுத்துக்கொள்வேன். பென் டிரைவ் இப்போது கணக்கு சார் வீட்டில் இருக்கிறது, அவருடைய பிரிண்டரும் வைஃபையும் என்ன சொல்கின்றன என்று திங்கட்கிழமை தெரியும்.